ஐப்பசி மழையில் வெளுத்த சாதாழை: கோண்டாவில் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வீட்டின் முன்விறாந்தையில் இருக்கும் 120 லீற்றர் உப்புநீர்த் தொட்டியைப் பற்றியது இது. ஆனி முதல் புரட்டாதி வரை அதில் சாதாழை (கடற்பாசி) நன்றாகச் செழித்தது. ஒவ்வொரு கிழமையும் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியபின் முதலில் ஒரு இனம் நிறம் இழந்தது. கார்த்திகையில் இன்னொரு இனம் ஒரே இரவில் செத்து, தொட்டித் தண்ணீரை வெள்ளையாகக் கலக்கிவிட்டது. வீட்டுக்காரர் மழையைக் குற்றம் சொன்னார். ஒருவகையில் அவர் சொன்னது சரிதான், ஆனால் அவர் நினைத்த காரணத்தால் அல்ல.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கொப்பியில் எழுதும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை: உப்பு, வெப்பம், நைத்திரேற்று (சாதாழைக்கு நைதரசன் தரும் சத்து), எவ்வளவு தண்ணீர் விட்டார், எவ்வளவு சாதாழை வெட்டினார், எல்லாம் தேதியோடு இருந்தன. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இந்த ஆய்வும் இல்லை. வெறும் ஊகம்தான் மிஞ்சியிருக்கும்.

தொட்டி

மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, ஒரு சுழற்சிப் பம்ப், 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி. லைற், மேலே ஒரு சின்ன விசிறி. மீன் அதிகம் இல்லை. இரண்டு க்ளவுன், மூன்று டாம்செல், சில நத்தைகள். தொடக்கத்தில் ஒரு குட்டி ஓராவும் இருந்திருக்கிறது. சாதாழைத் தொட்டியில் ஓராவை விடுவது நெல் வயலில் மாட்டை அவிழ்த்து விடுவதுதான். அது இலை தின்னும் மீன். நல்லவேளையாக அவரே அதைப் பிடித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

வளர்த்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று கிரசிலேரியா, நம் பக்கத்துக் கஞ்சிப்பாசி. ஆங்கிலேயர் 'சிலோன் மொஸ்' என்று எழுதி வைத்தது இதைத்தான். ஏகார் என்ற கூழ்ப்பொருளைத் தரும் சிவப்பு அல்கா, அதாவது பாசி. மற்றது கோலர்ப்பா, குலை குலையாகச் சிறு மணிகள் காய்த்த மாதிரி இருக்கும் பச்சை இனம். மூலையில் கொஞ்சம் ஹலிமெடாவும் இருந்தது. எல்லாம் காரைநகர்க் கரையில் அலை ஒதுக்கியவற்றிலிருந்தும் கல்லில் தொற்றியிருந்தவற்றிலிருந்தும் பொறுக்கியவை. பவளத்தில் கை வைக்கவில்லை, அதை உடைத்து எடுப்பது சட்டப்படி தடை.

கடல் தண்ணீரை நகரோரத்துப் பண்ணைக் கடல்நீரேரிப் பக்கம் எடுக்காமல் பருத்தித்துறைப் பக்கத் திறந்த கடலில் கான்களில் எடுத்து வந்திருக்கிறார். நல்ல முடிவு. யாழ் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. கோடையில் அதன் உப்பு ஏறும், மாரியில் இறங்கும், நகரத்து வாய்க்கால் தண்ணீரும் அதில்தான் வந்து விழும். ஆனையிறவு உப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. உப்பளத்தில் படிகமாகி வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டும். மகனீசியமும் பொற்றாசியமும் மிஞ்சும் கழிநீரோடு போய்விடும், அவை இல்லாமல் அல்கா வளராது.

கடல் தண்ணீர் மாதத்துக்கு ஒருமுறைதான் மாறும். அன்றாடம் ஆவியாகிக் குறைவதை நிரப்பக் கிணற்றுத் தண்ணீர். இந்தச் சின்ன விஷயம்தான் பின்னால் பெரிதாகிறது.

நடந்தது

சோளகம் வீசிய மாதங்களில் விசிறியும் காற்றும் சேர்ந்து தொட்டியிலிருந்து நாளுக்கு 2 லீற்றர் அளவு தண்ணீரை எடுத்துவிடும். அதனால்தான் வெப்பமும் 29 பாகைக்கு மேல் ஏறாமல் நின்றது. மாஸ்டர் தினமும் காலையில் இரண்டு லீற்றர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். கண்ணாடியின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்தது, பம்ப் விசிறியிலும் படிந்தது. அவ்வப்போது வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவினார். சாதாழையை மட்டும் கிழமைக்கு 80 முதல் 110 கிராம் வரை வெட்டியிருக்கிறார், தண்ணீர் பிழிந்து சமையலறைத் தராசில் நிறுத்தது. தண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை நின்றது.

ஐப்பசியில் மழை இறங்கியதும் பீலித் தண்ணீரைப் பெரிய பீப்பாவில் பிடித்தார். கடல் தொட்டிக்குச் சுத்தமான தண்ணீர்தான் விடவேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று எங்கோ வாசித்திருக்கிறார். மழைத் தண்ணீரை விடச் சுத்தமானது வேறென்ன இருக்கிறது? அன்றிலிருந்து நிரப்புவது முழுக்க மழைத் தண்ணீர். வெக்கை குறைந்ததால் விசிறியையும் நிற்பாட்டினார், ஆவியாதல் பாதியாகக் குறைந்தது.

முதல் மாற்றம் கிரசிலேரியாவில். கருஞ்சிவப்பாக இருந்த கொடி மெல்ல மெல்ல வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அழுகவில்லை, கையில் எடுத்தால் உறுதியாகவே இருந்தது. வானம் மூடியிருந்ததால் வெளிச்சம் போதவில்லை என்று மாஸ்டர் நினைத்தார். லைற் நேரத்தை 10 மணித்தியாலத்திலிருந்து 14க்கு உயர்த்தினார். நிறம் இன்னும் வேகமாகப் போனது. வெட்டுவதை மட்டும் பழைய கணக்கிலேயே தொடர்ந்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை தொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. கோலர்ப்பா தண்டும் மணியும் உருவம் மாறாமல் நின்றன, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் வாங்கிய பற்றறிக் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தது. அதையும் சேர்த்துப் போட்டு, செத்த கோலர்ப்பாவை வாரி எறிந்து, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைச் சேமித்து வைத்திருந்த கடல் தண்ணீரால் மாற்றினார். மீன் ஒன்றும் சாகவில்லை.

"தம்பி, மழை தொடங்கினாப் பிறகுதான் உது வந்தது. தண்ணி குளிர்ந்ததாலையோ, இல்லாட்டி ஏதும் வருத்தமோ? ஒருக்கா வந்து பாருங்கோ" என்று மாஸ்டர் என்னை அழைத்தது அதற்குப் பிறகுதான்.

கோலர்ப்பா செய்தது என்ன

கோலர்ப்பா ஒரு விசித்திரமான உயிர். எவ்வளவு நீளம் படர்ந்தாலும் முழுவதும் ஒரே கலம் (செல்). உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது, எண்ணற்ற கருக்கள் ஒரே பாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது இனப்பெருக்கத்துக்கு இறங்கினால் உள்ளிருக்கும் அனைத்தையும் புணரிகளாக (இனப்பெருக்கக் கலங்களாக) மாற்றித் தண்ணீரில் விட்டுவிடும்; வெறும் உறை மட்டும் மிஞ்சும். கடலில் இது விடியற்காலையில் நடக்கும். கடல் பெரியது, அதனால் பாதகமில்லை. 120 லீற்றரில் நடந்தால் அந்தப் புணரிகள் செத்து அழுகும்போது ஒட்சிசனைக் குடித்துவிடும். மாஸ்டரின் மீன்கள் மூச்சுக்குத் தவித்தது அதனால்தான். ஆக வருத்தம் (நோய்) எதுவும் இல்லை.

தொட்டியில் கோலர்ப்பா வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது, உணவு பஞ்சப்பட்டாலோ ஒளி நேரம் சடுதியாக மாறினாலோ, வெட்டாமல் விட்டு நெருக்கம் கூடினாலோ இப்படி நடப்பதை. இங்கே முதல் இரண்டும் ஒன்றாக வந்திருக்கின்றன. ஒளி நேரம் கொப்பியில் இருக்கிறது. பஞ்சம்?

பஞ்சம் என்று நான் சொன்னதை மாஸ்டர் ஏற்கவில்லை. "நேற்றுத்தானே பார்த்தனான், நைத்திரேற்று பத்துக் காட்டுது" என்றார். உண்மைதான், ஆனால் அது கோலர்ப்பா உடைந்த மறுநாள் எடுத்த அளவு. செத்த அல்கா தான் சேர்த்து வைத்ததைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்படியான சம்பவத்துக்குப் பிறகு அளந்து பார்ப்பவர்கள் எல்லோரும் தண்ணீரில் சத்து கூடிப்போனதுதான் காரணம் என்று எதிர்த்திசையில் போய்விடுவார்கள். கொப்பியைப் பின்னால் புரட்டினால் வேறு கதை: ஐப்பசி நடுவிலிருந்து ஒவ்வொரு கிழமையும் நைத்திரேற்றுக்கு நேரே பூச்சியம்.

வெப்பம் 27 பாகைக்குக் கீழே போகவில்லை, இந்த இனங்களுக்கு அது சுகமான வெப்பம். உப்பும் ஆயிரத்துக்கு 35இலேயே நின்றது. ஆவியானதை மழைத் தண்ணீரால் ஈடு செய்தால் உப்பு குறையாது, ஏனென்றால் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. இவை இரண்டையும் தள்ளிவிடலாம்.

கிரசிலேரியாவின் நிறம்தான் உண்மையில் வாய்விட்டுச் சொன்னது. சிவப்பு அல்காவின் நிறத்தைத் தரும் ஃபைக்கோஎரித்ரின் ஒரு புரதம், அதில் நைதரசன் நிறைய உண்டு. நல்ல காலத்தில் அல்கா அதைச் சேர்த்து வைக்கும். நைதரசன் வரத்து நின்றால் அதை உடைத்து வளர்ச்சிக்குச் செலவழிக்கும். அதனால் கொடி சாகாமலே வெளுக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் செலவு இன்னும் வேகமாகும். மாஸ்டர் 14 மணித்தியாலம் லைற் போட்டதும் நிறம் ஓடிப்போனதன் காரணம் இது.

கிணறு ஊட்டிய கணக்கு

சரி, நைதரசன் வரத்து ஏன் நின்றது? மீன் அதே மீன், உணவும் அதே அளவு. மாறியது நிரப்பும் தண்ணீர் மட்டும்.

மாஸ்டரின் நைத்திரேற்றுப் பரிசோதனைப் பெட்டியில் நன்னீருக்கும் உப்புநீருக்கும் தனித்தனி நிற அட்டைகள் உண்டு. நன்னீர் அட்டையை வைத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தோம். லீற்றருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இராது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்பது. மேலே செம்மண், அதில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி. போடும் யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்டது நைத்திரேற்றாக மாறி நேரே கீழே இறங்கும். மலசலகூடக் குழிகளிலிருந்தும் கொஞ்சம் சேரும். தோட்டங்கள் நெருங்கிய பகுதிகளில் கிணறுகள் பல, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த 50 மில்லிகிராம் வழிகாட்டு எல்லையைத் தாண்டி நிற்கின்றன. (தொட்டியை விட இது பெரிய விஷயம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இப்படியான கிணறு இருந்தால் வேறு தண்ணீர் பார்ப்பதே நல்லது. காய்ச்சினால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றச் செறிவு கூடும்.)

இப்போது கணக்கு. கோடையில் நாளுக்கு 2 லீற்றர் கிணற்றுத் தண்ணீர் என்றால் 120 மில்லிகிராம் நைத்திரேற்று. நைத்திரேற்றின் நிறையில் நைதரசன் 22.6 சதவீதம், அதாவது 27 மில்லிகிராம் நைதரசன். மீன் உணவு நாளுக்கு 0.2 கிராம், அதில் 45 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைதரசன், ஆக 14 மில்லிகிராம். மொத்தம் 41. இதில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்தது கிணறு!

சாதாழையின் ஈர நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவே உலர் பொருள், உலர் பொருளில் 3 சதவீதம் அளவு நைதரசன் என்று வைத்துக்கொண்டால், 41 மில்லிகிராம் நைதரசனால் நாளுக்கு ஏறத்தாழ 14 கிராம் ஈரச் சாதாழை உருவாகும். கிழமைக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் கீழே. மாஸ்டர் தராசில் நிறுத்ததும் அதுதான். இவ்வளவு நெருங்கி வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இனத்துக்கு இனம் இந்த விகிதங்கள் மாறும், அதனால் இதை ஒரு மட்டுக்கணக்காகவே கொள்ளவேண்டும்.

மழைத் தண்ணீருக்கு மாறியதும் வரவு 14 மில்லிகிராமுக்கு விழுந்தது. அது கிழமைக்கு 33 கிராம் சாதாழைக்குத்தான் காணும். வெட்டியதோ நூறு கிராம். மீதி எல்லாம் தொட்டியில் நின்ற சாதாழையின் சேமிப்பிலிருந்து போனது. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நின்ற தொட்டியில் இப்படி ஐந்தாறு கிழமை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் இல்லை. காலமும் ஒத்துப்போகிறது.

பொசுபேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே நம் கிணறுகளிலிருந்து அது அதிகம் வராது. தொட்டிக்கு அது மீன் உணவிலிருந்தே வருகிறது. உணவு மாறாததால் அந்தப் பக்கம் குறை இல்லை.

நான்கு போத்தல்

கணக்கு ஒத்துவந்தால் மட்டும் போதாது. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் மாஸ்டர் ஐப்பசிக்குப் பிறகு, கோலர்ப்பா செத்த அன்று தவிர, கடல் தண்ணீர் மாற்றவில்லை. இரும்பு போன்ற சுவட்டு மூலகங்கள் தீர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றுத் தவிர வேறும் பல உண்டு.

அதனால் நான்கு கண்ணாடிப் போத்தல்களில் வெளுத்த கிரசிலேரியாத் துண்டுகளை ஒரே அளவில் போட்டு யன்னல் ஓரத்தில் வைத்தோம். தண்ணீருக்கு, தொட்டி நீரை வேறொரு வாளியில் கீட்டோமோர்ஃபா என்ற இழை இழையான பச்சைச் சாதாழையோடு விட்டு நைத்திரேற்றுப் பூச்சியத்துக்கு வந்தபின் எடுத்தோம். முதல் போத்தலில் அது மட்டும். இரண்டாவதில் மழைக்கு முன்னர் பருத்தித்துறையில் எடுத்து வைத்த கடல் தண்ணீர் மட்டும். மூன்றாவதில் தொட்டி நீர் ஒரு லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீர். நாலாவதில் தொட்டி நீரோடு லீற்றருக்கு 10 மில்லிகிராம் யூரியா. மூன்றாவதில் உப்பு கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் கிரசிலேரியா கடல்நீரேரியில் வளரும் இனம், அதைப் பொருட்படுத்தாது.

ஒரு கிழமை அளவில் மூன்றாவதும் நாலாவதும் நுனியிலிருந்து நிறம் ஏறத் தொடங்கின, பிறகு நன்றாகவே கறுத்தன. முதலாவது அப்படியே வைக்கோல். இரண்டாவதும் வைக்கோல்தான். புதிய கடல் தண்ணீரில் சுவட்டு மூலகம் எல்லாம் இருந்தும் நிறம் வரவில்லை. யூரியாவில் நைதரசன் மட்டும் இருந்தும் வந்தது. இதற்கு மேல் வாதம் இல்லை.

யூரியா போத்தலுக்குத்தான், மீன் இருக்கும் தொட்டிக்கு அல்ல. அது உடைந்து அமோனியாவாகும். வீட்டில் உரப்பை இருக்கிறதே என்று ஒரு சிட்டிகை போடும் ஆசை யாருக்கும் வரவேண்டாம்.

மாற்றியவை

தீர்வு மலிவானது: கிணறு திரும்பவும் தொட்டிக்கு வந்தது. மாரியில் நாளுக்கு ஒரு லீற்றர் நிரப்பும்போது பாதி மழைத் தண்ணீர், பாதி கிணறு. அது 7 மில்லிகிராம் நைதரசன் தரும், மீன் உணவோடு சேர்த்து 21. அதற்கேற்ப வெட்டுவதைக் கிழமைக்கு 50 கிராமாகக் குறைத்தார். லைற் மீண்டும் 10 மணித்தியாலம், நேரக்கருவி ஒன்றோடு. தண்ணீரில் நைத்திரேற்று ஒன்றுக்குக் கீழே போகாமல் பார்த்து, போனால் கிணற்றுப் பங்கைக் கூட்டுகிறார். கோடைக்குப் பழையபடி முழுக் கிணறு, ஆனால் அளந்தபடி. வெங்காயத்துக்கு உரம் போடும் காலத்துக்கும் மழைக்கும் ஏற்பக் கிணற்றின் அளவும் மாறும்.

இணையத்தில் வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்கு நைத்திரேற்று எதிரி, அதனால் ஆர்.ஓ. (வடிகட்டி உப்புகளை நீக்கிய) தண்ணீர் என்று அடித்துச் சொல்கிறார்கள். அவர்கள் சாதாழை வளர்ப்பதே அந்த நைத்திரேற்றை உறிஞ்சி எடுக்கத்தான். சாதாழையையே பயிராக வளர்க்கும் ஒருவருக்கு அந்த ஆலோசனை தலைகீழ். அதைவிட, அவர்கள் ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதும் நம் கிணற்றில் என்ன இருக்கிறது என்பதும் வேறு வேறு.

கோலர்ப்பாவை மாஸ்டர் திரும்ப வளர்க்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. மீனோடு ஒரே தொட்டியில் வைக்க நிம்மதியான இனம் அல்ல. அதன் இடத்தில் கீட்டோமோர்ஃபா சுருள் சுருளாக நிற்கிறது. இழை ஒவ்வொன்றும் பல கலங்களாலானது, கோலர்ப்பா மாதிரி ஒரே இரவில் மொத்தமாகக் கலைந்துபோகும் வழக்கம் அதற்கு இல்லை.

வெட்டியதை என்ன செய்வது என்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். வாய்க்காலிலோ கடலிலோ எறியக்கூடாது. 1984இல் மொனாக்கோ கரையில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்ட கோலர்ப்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பில் படர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2000இல் அதே இனம் தென்பட்டபோது தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி அழிக்க வேண்டியிருந்தது, 2006இல்தான் ஒழிந்ததாக அறிவித்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் என்ற சாதாழை பவளத்தின் மேல் ஏறிவிட்டதை 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள். மாஸ்டரின் இனங்கள் இந்தக் கரையிலிருந்தே வந்தவை என்றாலும், கடையில் வாங்கிய நத்தையோடும் கல்லோடும் வேறு என்ன ஒட்டி வந்திருக்கும் என்று யார் கண்டது? அவர் நன்னீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுத் தென்னைக்குத் தாழ்க்கிறார். தீவுப்பகுதியில் சாதாழையை வாரித் தோட்டத்துக்குப் பசளையாக இடுவது பழைய வழக்கம்தானே.

கிரசிலேரியா தை மாதத்துக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஹலிமெடா இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறது. அது தன் உடம்பில் சுண்ணாம்பு படியவைக்கும் இனம். பாதி மழைத் தண்ணீர் விடும் மாதங்களில் கிணற்றிலிருந்து வரும் கல்சியமும் பாதிக்கும் கீழே குறைகிறது. அடுத்த கடல் தண்ணீர் மாற்றத்துக்குப் பிறகு கல்சியத்தையும் காரத்தன்மையையும் அளந்து பார்ப்பதாகக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார்.